வைஃபை குறி நிறைந்திருக்கிறது, இணையம் மட்டும் வரவில்லை: மாணவர் கேள்விகளும் பதில்களும்

கணினி வலையமைப்புப் பாடத்தைத் தொடங்கிய மாணவர்களின் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஐயா, என் மடிக்கணினியில் வைஃபை குறியின் கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன. ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை. சேவை நிறுவனத்தை அழைத்தால், "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே ரேடியோ அலை நன்றாக எட்டுகிறது. அந்தக் கோடுகள் சொல்வது அவ்வளவுதான். ரவுட்டருக்கு அப்பால் நடப்பது அவற்றுக்குத் தெரியாது. ஆகவே வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, அருகிலிருந்து தொலைவுக்குப் பார்த்துக்கொண்டே போங்கள்.

முதலில், கணினிக்கு முகவரி கிடைத்ததா? வலையமைப்பில் உங்கள் கணினியை அடையாளம் காட்டும் எண்ணே ஐ.பி. முகவரி. நெட்வொர்க் அமைப்புகளில் அது இருக்கும். அது 169.254 என்று தொடங்கினால், கணினி முகவரி கேட்டுக் குரல் கொடுத்தும் யாரும் பதில் தராததால் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் முறைக்கு டி.ஹெச்.சி.பி. என்று பெயர். வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டரே அதைச் செய்கிறது. வைஃபையை ஒருமுறை துண்டித்து இணையுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் ரவுட்டரை அணைத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள்.

முகவரி சரியாக இருந்தால் அடுத்தது பிங்: ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. கட்டளைச் சாளரத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். அமைப்புகளில் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் அது இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 போன்ற எண். பதில் வந்தால் வீட்டுக்குள் கோளாறு இல்லை. பிறகு 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் செய்யுங்கள். அது கூகுள் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் ஒரு சர்வர். அங்கிருந்து பதில் வராவிட்டால் வழி ரவுட்டருக்கு அப்பால் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்போது சேவை நிறுவனத்தை அழையுங்கள். செய்த சோதனைகளை வரிசையாகச் சொல்லுங்கள். பேச்சின் தன்மையே மாறிவிடும். (சில கல்லூரி வலையமைப்புகள் பிங்கைத் தடுத்திருக்கும். அங்கே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.)

8.8.8.8 பதில் தருகிறது, தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வருகிறதா? அப்படியானால் டி.என்.எஸ். கோளாறு. கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அழைக்கின்றன. நாமோ பெயரைத்தான் நினைவில் வைக்கிறோம். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். வலையமைப்பின் தொடக்கக் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள். மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். முறையில் முழுப் பட்டியல் எவரிடமும் இல்லை. ஒவ்வொரு சர்வரும் தன் பங்கை மட்டும் அறியும். மீதிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று கைகாட்டும். யாருக்கும் முழுதாகத் தெரியாத ஒன்று எல்லோருக்கும் பயன்படும்படி அமைந்திருப்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இணையமும் வலையும் ஒன்றுதானே? எங்கள் வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது.

ஒன்றல்ல. கணினிகளை இணைக்கும் கேபிள்கள், ரவுட்டர்கள், அவை பேசிக்கொள்ளும் விதிமுறைகள் ஆகியவை சேர்ந்தது இணையம். அதன் மேல் ஓடும் பல சேவைகளில் ஒன்று, உலாவியில் தளங்களைத் திறந்து பார்க்க உதவும் வலை. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று போனது. வலைக்கான திட்டத்தை டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் முன்வைத்தது 1989-இல். இடைப்பட்ட 20 ஆண்டுகளில் மின்னஞ்சல் வந்துவிட்டது, வலை வரவில்லை. விவாதத்தை முடித்துவைக்க இது போதும்.

100 எம்.பி.பி.எஸ். இணைப்பு வைத்திருக்கிறோம். கோப்பு இறங்கும்போது 12-க்கு மேல் காட்டுவதே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று பொருள். உங்கள் உலாவி மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு முழு வேகமும் கிடைக்கிறது.

என் கணினியின் முகவரி 192.168.1.5. வேறொரு வீட்டில் இருக்கும் நண்பனுக்கும் அதே முகவரி. ஐ.பி. முகவரி உலகில் ஒன்றுதான் இருக்கும் என்று பாடத்தில் படித்தோமே?

பாடம் சொல்வது பொது முகவரியைப் பற்றி. உங்களிடம் இருப்பது தனி முகவரி. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் உள்வீட்டுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவை வெளி இணையத்தில் செல்லுபடியாகாது.

வலையமைப்பில் தகவல் சிறு சிறு பொதிகளாகப் போகிறது; அவற்றைப் பாக்கெட் என்பார்கள். உங்கள் கணினி ஒரு பாக்கெட்டை வெளியே அனுப்பும்போது, ரவுட்டர் உங்கள் முகவரியை எடுத்துவிட்டுத் தன் பொது முகவரியை வைக்கிறது. பதில் வந்தால் யாருக்குக் கொடுப்பது என்று ஒவ்வோர் இணைப்பையும் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணை வைத்துக் குறித்துக்கொள்கிறது. இந்த மாற்றத்துக்கு நாட் என்று பெயர். தேவை ஏன் வந்தது? பழைய ஐ.பி. முகவரி 32 பிட் கொண்டது. அதில் சுமார் 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம், உலகத்துக்குப் போதவில்லை. 128 பிட் கொண்ட ஐ.பி.வி.6 வந்த பிறகும் நாட் நிலைத்து நிற்கிறது. உங்கள் இணைப்பில் ஐ.பி.வி.6 முகவரியும் வருகிறதா என்று இன்றே பாருங்கள். முக்காற்புள்ளி (:) இட்டுப் பிரித்த நீளமான முகவரி அது.

ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் என் போனில் 'அமர்வு அடுக்கு' எங்கே இருக்கிறது என்று எவ்வளவு தேடியும் புரியவில்லை.

தேடியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அது தனியாக இல்லை. ஓ.எஸ்.ஐ. மாதிரி, வலையமைப்பின் வேலையை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும், 1984-இல் வெளியான ஒரு தர வரையறை. அதற்கு முன்பே, 1983 ஜனவரி 1 அன்று, ஆர்பாநெட் டி.சி.பி./ஐ.பி. என்ற விதிமுறைத் தொகுப்புக்கு மாறிவிட்டது. இன்றைய இணையம் ஓடுவது அதில்தான். அதை நான்கு அடுக்குகளாகப் பிரிப்பது வழக்கம். தேர்வில் ஏழையும் எழுதுங்கள். மனத்தில் நான்கை வையுங்கள்.

அடுக்குகளின் பயன் கோளாறு வரும்போது தெரியும். ஒருமுறை ஒரு கணினிக் கூடத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் முடங்கின. வெளி இணைப்பு மட்டுமல்ல, பக்கத்துக் கணினிகூட எட்டவில்லை. அனைவரும் ரவுட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்துக் கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டியைப் பார்த்தேன்: எல்லா விளக்குகளும் வெறிபிடித்ததுபோல் மின்னின. யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும் அதே சுவிட்சில் செருகியிருந்தார்கள். அதைப் பிடுங்கிய சில நொடிகளில் எல்லாம் திரும்பியது.

ஐ.பி. பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூச்சியமானால் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஆகவே வழி தவறினாலும் அது காலமெல்லாம் சுற்றாது. அதற்குக் கீழே இருக்கும் ஈதர்நெட் அடுக்கில் அப்படி ஓர் எண்ணே இல்லை. "எல்லோருக்கும்" என்று போகும் ஒரு செய்தி வளையத்தில் மாட்டினால் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்தத்தையும் அடைத்துவிடும். வளையத்தைத் தானே கண்டு அடைக்கும் வசதி சில சுவிட்சுகளில் உண்டு. அந்தக் கூடத்துச் சுவிட்சில் இல்லை. ஏழு அடுக்குகளின் கணக்கில் ஈதர்நெட் இரண்டாம் அடுக்கு, ஐ.பி. மூன்றாம் அடுக்கு. இந்த ஒரு சம்பவத்தை உணர்ந்தவருக்கு இந்த இரண்டும் ஒருபோதும் குழம்பாது.

மறைநிலைச் சாளரத்தில் உலாவினால் கல்லூரி வலையமைப்புக்குத் தெரியாதுதானே?

தெரியும். உங்கள் கருவியில் வரலாறு தங்காது, அவ்வளவே. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை வழியில் இருக்கும் வலையமைப்பு பெரும்பாலும் அறிய முடியும்.

முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தது. அதை நம்பித்தான் தோழி கடவுச்சொல்லைக் கொடுத்தாள். இப்போது அவள் கணக்கை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள். எப்படி நடந்தது?

முதலில் தோழியிடம் சொல்லுங்கள்: வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கணக்கை மீட்டு, கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொல்லுங்கள். அதே சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறாளோ, அங்கும் மாற்ற வேண்டும். இரண்டு படிச் சரிபார்ப்பையும் இயக்கிவிடட்டும்.

நாம் பல ஆண்டுகளாக "பூட்டைப் பார், நம்பு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம். அந்தத் தவறு எங்களைப் போன்றவர்களுடையது. உங்களுக்கும் அந்த முகவரிக்கும் இடையே நடக்கும் பேச்சை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவோ திருத்தவோ முடியாது என்பதே பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்வதில்லை. பூட்டுச் சின்னம் வரத் தேவையான சான்றிதழை மோசடிக்காரரும் தன் தளத்துக்கு இலவசமாகவே வாங்கிவிடலாம். இந்தக் குழப்பம் கருதியே 2023-இல் க்ரோம் உலாவி பூட்டுச் சின்னத்தைக் கைவிட்டது.

பூட்டை விட்டுவிட்டு முகவரியைப் படியுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் நின்று, வலமிருந்து இடமாக வாருங்கள். புள்ளிகளால் பிரிந்த பகுதிகளில் வலக்கோடியில் இருக்கும் இரண்டே, சில நாட்டு முகவரிகளில் மூன்று, உரிமையாளரைக் காட்டும். 'கல்லூரி.தேர்வுமுடிவு-உதவி.காம்' என்ற முகவரி கல்லூரியுடையது அல்ல, 'தேர்வுமுடிவு-உதவி.காம்' வைத்திருப்பவருடையது. இடப்பக்கம் அவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

களைத்திருக்கும் நேரத்தில் நம் கண் இதைத் தவறவிடும். அதனால் கடவுச்சொற்களைச் சேமித்துவைத்துத் தானே நிரப்பித் தரும் கடவுச்சொல் மேலாளர் என்ற செயலி ஒன்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அது முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே கடவுச்சொல்லை நிரப்பும். வழக்கமாக நிரப்பும் இடத்தில் ஒருநாள் நிரப்பாமல் நின்றால், கையால் தட்டச்சு செய்ய அவசரப்படாமல் முகவரியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.