நெரிசல் கட்டணம்: பாலத்திலா, ரத வீதியிலா?

கேள்வி: ராமேஸ்வரத்துக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் போடலாம் என்று ஊரில் பேச்சு அடிபடுகிறது. ரத வீதியில் கடை வைத்திருக்கிறேன். கருத்துக்கேட்பு நடந்தால் என்ன கேட்பது?

பதில்: எந்த இடத்தில் வசூல் என்று முதலில் கேளுங்கள். பாம்பன் பாலம் என்றால் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். தீவுக்கு இருக்கும் ஒரே சாலை அது. ஐஸ் லாரி, மீன் வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் அதில்தான் வந்தாக வேண்டும். ஆள் நின்று பணம் வாங்கிச் சீட்டுக் கொடுக்க வண்டிக்கு 15 முதல் 20 விநாடி பிடித்தால், ஒரு வரிசையில் மணிக்கு 180 முதல் 240 வண்டிதான் கழியும். அமாவாசை விடியலில் மணிக்கு 400 வந்தால் குறைந்தது 160 தேங்கும். வண்டிக்கு 7 மீட்டர் என்று வைத்தாலே வரிசை ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ராமேஸ்வரம் வரை வராமல், வழியில் உள்ள தங்கச்சிமடத்தோடு திரும்புகிறவரும் அதில் மாட்டிக்கொள்வார்.

நெரிசல் உள்ள தெருவுக்கும் நேரத்துக்கும் மட்டும் வாங்குவதுதான் நெரிசல் கட்டணம். லண்டனில் 2003இல் தொடங்கியபோது நகர நடுப்பகுதிக்கு மட்டும், வார நாள் பகலுக்கு 5 பவுண்டு. யாரையும் நிறுத்தவில்லை, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்தது. ஸ்டாக்ஹோமில் கூடுதல் பஸ்களை முதலில் விட்டார்கள். பிறகு 2006இல் ஏழு மாதச் சோதனை, மக்கள் வாக்கெடுப்பு, 2007இல் நிரந்தரம். போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. 12 பேர் வரும் வேனுக்கு 100 ரூபாய் போட்டால் தலைக்கு 9 ரூபாய்கூட ஆகாது. அதற்காக யாரும் வண்டியை ஊருக்கு வெளியே விடமாட்டார்கள். அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடி, ஈரம் சொட்ட வருகிறவர்கள் உலர்ந்த துணி மாற்றித்தான் தரிசனத்துக்குப் போக வேண்டும். துணிப்பை வண்டியில் இருந்தால் டிரைவர் கூப்பிடு தூரத்திலேயே வட்டமடிப்பார். ஆகவே லாக்கர், உடை மாற்றும் அறை, வெளி நிறுத்தத்திலிருந்து விடாமல் ஓடும் மினி பஸ் ஆகியவை முதலில் வரட்டும். இவை இல்லாத கட்டணம் வெறும் வசூல்.

அதற்கும் முன்னால் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். ஒரு சாதாரணச் செவ்வாய், ஒரு ஞாயிறு, ஓர் அமாவாசை. காலை 4 முதல் 10 வரை, கால் மணிக்கு ஒரு தடவை, கார், வேன், பஸ், ஆட்டோ தனித்தனியாக. வீதியின் இரு முனையிலும் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை நேரத்தோடு குறிக்க வேண்டும். ஒரே எண் அரை மணிக்குள் மூன்று தடவை வந்தால் அது நிறுத்த இடம் தேடும் வண்டி. அப்படிப்பட்டவை அதிகம் என்றால் நிறுத்துமிடத்தைச் சரிசெய்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

உங்கள் சரக்கு வண்டிக்கு, நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தைக் கட்டணமில்லா நேரமாகக் கேளுங்கள். வருமானம் தனிக் கணக்கில் சேர்ந்து பஸ்ஸுக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே செலவாகும் என்பது நகர்மன்றத் தீர்மானத்திலேயே இருக்கட்டும். கேமரா எண்ணைத் தவறாகப் படித்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடுவது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.