நலம் கேளுங்கள்: சிகரெட்டை விட்டால் மூளை மீளுமா?

கேள்வி: இருபது வருடமாக தினம் ஒரு பாக்கெட் சிகரெட். விட்டு ஒரு வாரம் ஆகிறது. நிகோடின் மூளையின் என்சைம்களைக் கெடுக்கும் என்கிறார்கள். அப்படியானால் 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் மட்டும் பரவாயில்லையா? தூக்கமும் இல்லை, படபடப்பு வேறு.
– வாசகர், பெரம்பூர்

பதில்: பழியில் பாதி புகைக்கே சேர வேண்டும். மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற ரசாயனத்தைச் சிதைக்கும் மோனோ அமீன் ஆக்சிடேஸ் பி என்ற என்சைம், புகைப்பவர்களின் மூளையில் சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதை 1996இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் பெட் ஸ்கேனில் காட்டியது. அதை முடக்குவது நிகோடின் அல்ல. புகையிலுள்ள ஹார்மன் (ஹார்மோன் அல்ல), நார்ஹார்மன் போன்ற பொருள்கள். ஆகவே சூயிங்கம் அந்த வேலையைச் செய்யாது. புகை நின்றால் என்சைம் சில வாரங்களில் மீளும்.

நிகோடின் செய்வது வேறு. மூளை செல்களில் தான் ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். அவை பழைய அளவுக்கு வர 6 முதல் 12 வாரம் பிடிக்கும். எலி, குரங்கு ஆய்வுகளில், மருந்துகளைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 2பி வகை என்சைமையும் நிகோடின் மூளையில் உயர்த்துகிறது.

தூக்கம் கெடுவது நிகோடின் இல்லாததாலும் இருக்கலாம். ஆனால் எத்தனை காபி குடிக்கிறீர்கள்? புகையின் தார், கல்லீரலில் சி.ஒய்.பி. 1ஏ2 என்ற என்சைமை முடுக்கி காஃபீனை வேகமாக வெளியேற்றும். விட்ட சில நாளிலேயே அந்த வேகம் விழும். அதே டிகாஷன் இப்போது ஏறக்குறைய இரட்டிப்பாக வேலை செய்யும். சூயிங்கத்தில் தார் கிடையாது, அதனால் இதற்கு அது உதவாது. காபியைப் பாதியாக்குங்கள், மதியத்துக்கு மேல் வேண்டாம்.

சூயிங்கத்தைப் பலர் பபிள்கம் மாதிரி மென்று எச்சிலை விழுங்குகிறார்கள். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மெல்லுங்கள், கன்னத்தில் ஒதுக்குங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் போதும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, எலுமிச்சை ஜூஸ் கூடாது; அமிலம் நிகோடினை வாயில் ஏறவிடாது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைத்தவராக இருந்தால் 2 மி.கி. போதாமல் போகலாம், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

கேள்வி: அண்ணன் மனநோய்க்கான ஓலன்ஸாபின் மாத்திரை சாப்பிடுகிறார். சிகரெட்டை விடச் சொல்லலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாக. ஆனால் விடும் தேதியை முன்கூட்டியே மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன சி.ஒய்.பி. 1ஏ2 என்சைம்தான் இந்த மாத்திரையையும் கரைக்கிறது. விட்டதும் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி அதிகத் தூக்கம், தலைசுற்றல் வரலாம். குளோசபின் (இதுவும் மனநோய் மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) என்றால் இன்னும் கவனம். அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். விடுவதற்கான ஆலோசனைக்குத் தேசிய இலவச எண் 1800-11-2356.