மேற்பார்வையை அவர் ஏன் கைமாற்றவில்லை?

அன்புள்ள அக்காவுக்கு,

திருகோணமலையில் படிக்கிறேன். ஊர் மூதூர்ப் பக்கம், ஹொஸ்டலில் இருக்கிறேன். இறுதி வருடம். என் ஆய்வுக்கு மேற்பார்வையாளராக இருக்கும் விரிவுரையாளரும் நானும் எட்டு மாதமாக விரும்புகிறோம். அவருக்கு 34 வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. எனக்கு 24. அவர் என்னை எதற்கும் வற்புறுத்தியதில்லை. றிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வந்து பேசுவாராம். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது என்கிறார். ஆனால் பட்ச்சில் கதை பரவிவிட்டது. போன செமஸ்டரில் எனக்கு ஏ வந்தபோது, "அவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நாங்கள் இருவரும் வயது வந்தவர்கள்தானே? படிப்பித்த பிள்ளையையே கட்டிக்கொண்ட சேர்மார் எத்தனை பேர் நன்றாக வாழ்கிறார்கள்? இதில் என்ன பிழை அக்கா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் கேட்டபடி உங்கள் பெயரைப் போடாமல்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் அவரை விரும்பியதில் பிழை இல்லை. உங்கள் வயதில் ஒருவரை விரும்புவதைச் சட்டமும் குற்றம் என்று சொல்லவில்லை. அவருடைய அன்பு உண்மையா என்று நிறுத்துப் பார்க்கவும் நான் ஆளில்லை. உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பிழை அவருடைய பக்கத்தில் இருக்கிறது. உங்களை விரும்பிக்கொண்டே, உங்கள் ஆய்வுக்குக் கையெழுத்துப் போடும் கதிரையிலும் அவர் இருக்கிறார்.

துறைத் தலைவரிடம் போய், "இந்த மாணவியின் மேற்பார்வையை வேறொருவருக்குக் கொடுங்கள், இவருடைய தாள்களையும் நான் திருத்தக்கூடாது" என்று சொல்ல ஒரு நாள் போதும். எட்டு மாதமாக அவர் அதைச் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கும் வேலையைத்தான் உங்களுக்குத் தந்திருக்கிறார்.

எழுத்துப் பரீட்சை என்றால் விடைத்தாளில் பெயர் இருக்காது, சுட்டெண்தான் இருக்கும். இரண்டாவது பரீட்சகரும் பார்ப்பார். ஆய்வுக் கட்டுரை அப்படியல்ல. தலைப்பிலிருந்து கடைசி வரைவு வரை, எழுதியது யார் என்று மேற்பார்வையாளருக்குத் தெரியும். அவர் உங்களுக்குச் சலுகை காட்டியிருக்கலாம். கதை வரும் என்று பயந்து மற்றவர்களைவிடக் குறைத்தும் போட்டிருக்கலாம். எது நடந்தது என்பது உங்களுக்கே தெரியாது, அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கண்விழித்துப் படித்து எடுத்த ஏயைப் பார்த்து "இது என்னுடையது" என்று நிமிர்ந்து சொல்ல முடியாமல் போய்விட்டதே.

காதுபடச் சொன்ன அந்தப் பிள்ளையோடு கோபிக்காதீர்கள். அவள் சொன்ன விதம் கூடாது, ஆனால் அவளுடைய சந்தேகம் நியாயமானது. முதலாம் வகுப்பு எடுத்தால் தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் படிக்கிற பிள்ளைகள் உங்கள் பட்ச்சிலும் இருப்பார்கள். அந்த வேலைக்கு ஒரு துறையில் ஒன்றிரண்டு இடம் இருந்தாலே பெரிய விஷயம். தங்களுக்குப் புள்ளி போடுகிறவர் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கிறாரா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

வற்புறுத்தவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் முதல் மாதத்தில் "வேண்டாம் சேர்" என்று சொல்ல நினைத்திருந்தால், பயப்படாமல் சொல்லியிருக்க முடியுமா? வருகிற மாதம் மனம் மாறினால், அடுத்த வரைவைத் தூக்கிக்கொண்டு அதே அறைக்குப் போக முடியுமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் விதிகளை இறுக்கியதும் இதனால்தான். யேல் 2010இல், இளங்கலை மாணவர்களோடு ஆசிரியர்கள் காதல் உறவு வைப்பதையே முழுதாகத் தடைசெய்தது. ஹார்வர்டின் கலை, அறிவியல் பீடம் 2015இல் அதே முடிவுக்கு வந்தது. ஒக்ஸ்போர்டு 2023இல், தங்கள் பொறுப்பிலுள்ள மாணவர்களோடு ஆசிரியர்களுக்கு அப்படிப்பட்ட உறவு கூடாது என்றது. ஒருவருடைய பட்டம் மற்றவர் கையில் இருக்கும்போது, அங்கே கிடைக்கிற சம்மதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதை அவர்கள் விதியாகவே எழுதினார்கள்.

கல்யாணம் கட்டி நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் தெரிந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் நம் கண்ணில் படுகிறார்கள். கதை வெளிவந்ததும் தகப்பன் வந்து ஹொஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் நம் கண்ணில் படுவதில்லை. உப்புவெளிக் கடற்கரையில் இரண்டு பேரை யாராவது சேர்த்துப் பார்த்தால், மூதூர் பஸ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும் முன்பே கதை உங்கள் வீட்டு வாசலுக்குப் போயிருக்கும். அவரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். படிப்பை நிறுத்து என்று உங்களிடம்தான் சொல்வார்கள். 34 வயது மனிதருக்கு இது தெரியாமல் இருக்காது.

இதை வாசிக்கும் வேறு பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புள்ளிக்குப் பதிலாக உடம்பைக் கேட்கிறவரின் பேச்சைக் காதல் என்று நம்பிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி பாலியல் சலுகை கேட்பதும் லஞ்சம்தான். லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. அதிகாரத்தில் உள்ளவரின் விரும்பத்தகாத பாலியல் சீண்டல், 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்தக் கிழமையே அவரிடம் கேளுங்கள்: "என் மேற்பார்வையை வேறொருவருக்கு மாற்றித் தருவீர்களா?" உடனே ஒப்புக்கொண்டு துறைத் தலைவரிடம் போனால், றிசல்ட் வரும்வரை நிம்மதியாகக் காத்திருக்கலாம். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரட்டும், எல்லோரும் பார்க்க வரட்டும். "இப்போது மாற்றினால் உனக்குத்தான் பாதிப்பு" என்று அவர் இழுத்தால், நீங்களே மாணவர் ஆலோசகரிடம் போய் மாற்றம் கேளுங்கள். முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மேற்பார்வையில் தொடர முடியவில்லை என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

அப்புறம், உங்கள் வரைவுகள் எல்லாவற்றையும் திகதியோடு தனியாகச் சேமித்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால், ஒவ்வொரு பக்கமும் நீங்கள் எழுதியதுதான் என்று காட்ட அவை வேண்டும். வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம், அம்மாவோ அக்காவோ, இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வேறு வாயால் அவர்கள் கேள்விப்படும் முன்பு சொல்வது நல்லது. மேற்பார்வை மாறியதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா