கேள்வி – பதில்: கல்லணையும் குமிழித் தூம்பும் படமெடுக்க

கல்லணையில் எப்படி எடுத்தாலும் மதகுகளும் பாலமும்தான் படத்தில் விழுகின்றன. கரிகாலன் கட்டிய அணையை எடுக்க எந்த மாதம் போகலாம்?
– வாசகர், பெரம்பலூர்

மதகுகள், இரும்புக் கதவுகள், அவற்றின் மேல் போகும் சாலைப்பாலம் எல்லாம் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வந்தவை. சுமார் 1,080 அடி நீளமுள்ள பழைய அணை இவற்றுக்கு அடித்தளமாகக் கீழே கிடக்கிறது. 1804இல் இங்கே ஆய்வு செய்த கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர், அணையின் முடியை உயர்த்த வேண்டும் என்றார். அதிலிருந்து மாற்றங்கள் தொடர்ந்துகொண்டே இருந்தன. அதனால் 'கரிகாலன் கல்' என்று ஒரு கல்லை மட்டும் தேடி எடுப்பதைவிட, அணை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் படத்துக்கே முயலுங்கள். அதுதான் அபூர்வமாகக் கிடைக்கிறது.

கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. தடுக்காவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் சரிந்து ஓடிவிடும், டெல்டா காய்ந்துவிடும். அணை அந்தச் சரிவை அடைத்து, வெள்ளக் காலத்தில் மிகுதியை மட்டும் கொள்ளிடத்துக்கு விடுகிறது. ஒருபுறம் உயர்ந்து நிற்கும் காவிரி நீர்மட்டம், மறுபுறம் பள்ளத்தில் கிடக்கும் மணல் – இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வந்தால் அந்தப் படம் கல்லணையைச் சொல்லிவிடும்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். கல்லணைத் திறப்பு அதற்கு மூன்று நான்கு நாள் கழித்து. நீர்வரத்தைப் பொறுத்து இந்தத் தேதிகள் மாறும், செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆறுகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் நடக்கும் செப்டம்பர், அக்டோபரில் நான் சொன்ன உயர வேறுபாடு நன்றாகத் தெரியும். மேட்டூர் 120 அடியைத் தொட்டு உபரி வரும் நாட்களில் கொள்ளிடமும் நிரம்பிவிடும். பார்க்கப் பிரமாதமாக இருந்தாலும் வேறுபாடு மறைந்துபோகும். அணையின் வளைந்த போக்கும் அடிப்பகுதியும் வேண்டுமென்றால் மார்ச் முதல் மே வரை. ஆடிப்பெருக்கன்று கூட்டத்தைத்தான் எடுக்க முடியும்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து உத்தமர்சீலி வழியாகப் போகும் சாலை காவிரிக் கரையை ஒட்டியே வரும். தஞ்சைப் பக்கத்திலிருந்து வருவோர் திருக்காட்டுப்பள்ளி வழியாக வரலாம்.

மதகிலிருந்து விழும் நீர் படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. பட்டுத்துணிபோல் எடுப்பது எப்படி?
– வாசகி, லால்குடி

நுரை மிகையாக வெளுத்துப்போவதுதான் காரணம். சுற்றியுள்ள கருங்கல்லைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. கேமராவின் எக்ஸ்போஷர் அளவை மைனஸ் 1 வரை குறைத்து எடுங்கள், நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். எரிந்துபோன வெள்ளையை மீட்க வழியில்லை.

பட்டுபோல் வர ஷட்டர் அரை வினாடி திறந்திருந்தால் போதும். நீளமாகப் போனால் நீர் பஞ்சுமூட்டமாகி, விழும் வேகமே தெரியாது. ஐ.எஸ்.ஓ. 100இல் 1/125 வினாடி காட்டும் இடத்தில் 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் கண்ணாடி) போட்டால் சரியாக அரை வினாடி வரும். முக்காலியைப் பாலத்தின் மேல் வைக்காதீர்கள். ஒரு வண்டி கடந்தாலே அதிர்ந்து கலங்கிவிடும். கரை மண்ணில் வையுங்கள்.

காவிரி கிழக்கே ஓடுகிறது. ஆகவே நீர் விழும் முகத்தில் காலை வெயில் படும். மாலையில் அதே இடத்தில் நின்றால் மதகுகள் கருநிழலாகிவிடும், மாலை வெயிலுக்கு அணையின் மேற்குப் பக்கம் போய்விடுங்கள்.

எந்தப் படத்துக்காகவும் மதகுக்குக் கீழே இறங்க வேண்டாம். பாசி பிடித்த தளம் வழுக்கும், விழும் நீரின் அடியில் சுழல் உண்டு, கதவு உயர்த்தினால் மட்டம் சட்டென ஏறும். ஆழமில்லை என்று நம்பி இறங்கியவர்களைக் காவிரி விட்டதில்லை.

250 கிராமுக்குக் குறைந்த டிரோனுக்கு அனுமதி வேண்டாமாமே?
– வாசகர், திருவெறும்பூர்

2021 டிரோன் விதிகளின்படி அந்த எடைக்கு டிரோனை இயக்குபவருக்கான சான்றிதழ் தேவையில்லை, அவ்வளவுதான். எங்கே பறக்கலாம் என்ற தடை அதற்கும் பொருந்தும். டிரோன் பறக்கும் பகுதிகளை நிறத்தால் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தாலும் அணைக்கு நீர்வளத்துறையிடமும், தொல்லியல் துறை காக்கும் சின்னங்களுக்கு அத்துறையிடமும் எழுத்து மூலம் கேட்டுவிட்டே பறக்கவிடுங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் இரண்டு கல்தூண் நிற்கிறது, எழுத்தும் இருக்கிறது. சாக்பீஸ் பூசினால் தெளிவாக விழும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

செய்யாதீர்கள். தூள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். அதைவிடப் பெரிய கேடு, பூசுபவர் தனக்குத் தோன்றிய எழுத்தை வரைந்துவிடுவது; அடுத்து வாசிப்பவர் அந்தப் பிழையைத்தான் படிப்பார். மைதா, எண்ணெய், கம்பித்தூரிகை எதுவும் வேண்டாம். தூசியை மட்டும் மெல்லிய உலர் தூரிகையால் தட்டலாம்.

நீங்கள் சொல்வது குமிழித் தூம்பாக, அதாவது கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கல்மதகாக, இருக்க வாய்ப்பு அதிகம். இரு தூணுக்கும் நடுவில் குறுக்குக் கற்களில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றின் வழியே இறங்கும் தண்டுதான் அடியிலுள்ள நீரோடித் துளையை அடைத்துத் திறக்கும். அதற்கும் கீழே சிறிய சேறோடித் துளைகள். நீர் விசையோடு வெளியேறும்போது வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரும் திறந்தாயிற்று, தூரும் வாரியாயிற்று. இரண்டையும் ஒன்றாகச் செய்ய வழி கண்டவர்களின் கைவேலை அது.

கோடையில், தரை காய்ந்து இறுகிய பிறகு போங்கள். எழுத்தைக் காட்டுவது பக்கவாட்டு வெளிச்சம். கல்லின் பரப்பை உரசிக்கொண்டு போவதுபோல் 10 முதல் 20 பாகைச் சாய்வில் டார்ச் அடித்தால், நேரே பார்க்கும்போது தெரியாத வரியும் எழும்பி நிற்கும். வெயில் நேரமென்றால் குடையால் நிழல் பிடித்துக்கொண்டு டார்ச் அடியுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், மேற்பக்கம் என ஒளியை மாற்றி ஒரே கோணத்தில் மூன்று படமாவது எடுங்கள், கீறலா எழுத்தா என்பது ஒப்பிடும்போது தெரிந்துவிடும். மொபைலில் அகல லென்ஸ் வேண்டாம். ஆறடி தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில், கல்லுக்கு நேராக. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கைத் தழுவி வரட்டும். தூணின் நான்கு முகத்தையும் எடுங்கள். ஓரத்தில் ஓர் அளவுகோல் தெரிய வேண்டும்.

புதைந்த பகுதியைத் தோண்டிப் பார்க்க ஆசை வரும், தோண்டாதீர்கள். படங்களோடு தூணின் உயரம், கரையிலிருந்து தூரம், கண்மாயின் பெயர் ஆகியவற்றை எழுதி, திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் கொடுங்கள்.