செருப்பு, சப்பாத்து, பாதக்குறடு: கேட்டவைக்குப் பதில்கள்

பழைய காலணிகளைப் பற்றி எதையும் கேளுங்கோ என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கொக்குவில் தம்பி: அண்ணை, நான் இப்போ சென்னையில். 'சப்பாத்து' என்றால் இங்கே ஒருத்தருக்கும் விளங்குதில்லை. எங்கேயிருந்து வந்த சொல்?

போர்த்துக்கேயரிடமிருந்து. 1619 இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் கைக்குப் போய், 1658 இல் ஒல்லாந்தரிடம் மாறியது. ஆண்டது நாற்பது வருசம்கூட இல்லை, ஆனால் அலுமாரி, கதிரை, துவாய், பாண் என்று வீடு முழுக்க அவர்கள் சொற்கள்தான். சிங்களத்திலும் இதே சொல் இருக்கிறது. கூச்சப்படாமல் சொல்லுங்கோ, அங்கே சொல்கிற 'ஷூ'வும் தமிழில்லையே.

சாவகச்சேரி மாணவி: அப்போ வெள்ளைக்காரர் வரும்வரை நாங்கள் வெறுங்காலா?

இல்லைப் பிள்ளை. புறநானூற்றின் 257ஆம் பாட்டு 'செருப்பிடைச் சிறுபரல்' என்றே தொடங்குகிறது. செருப்புக்குள் அகப்பட்ட சிறுகல் எப்படி நடக்கவிடாதோ, அப்படிப் பகைவரை உறுத்துகிறவன் என்று ஒரு வீரனைச் சொல்கிற பாட்டு. செருப்போடு நெடுந்தூரம் நடந்து பழகின ஆட்களுக்குத்தான் இந்த உவமை சட்டென்று பிடிபடும். பட்டினப்பாலையில் எயினர் என்ற வேடர் காலில் 'தொடுதோல்' இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஊர் ஊராகப் போகும் வணிகர் 'அடிபுதை அரணம்' அணிகிறார்கள், அதாவது அடியை மறைக்கிற காவல், வெறும் வார்ச்செருப்பை அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பது என் எண்ணம். வேடன், வணிகன், போர்வீரன் என்று எல்லாரும் கல்லிலும் முள்ளிலும் நடக்க வேண்டியிருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கோ.

அதே மாணவி: வீரக்கழலும் செருப்பா?

இல்லை. அது காலில் அணிகிற வளையம்.

வட்டுக்கோட்டை அக்கா: வீட்டுப் பெட்டகத்தில் ஒரு சோடி மரச் செருப்பு கிடக்கு. வார் இல்லை, முன்னால் ஒரு குமிழ் மட்டும். இதை எப்படிப் போட்டு நடந்தார்கள்?

அது பாதக்குறடு, அக்கா. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே குமிழை வைத்து இறுக்கிப் பிடிக்க வேணும், பிடி விட்டால் குறடு கழன்றுவிடும். அதனால் வேகமாக நடக்க ஏலாது. தோல் செத்த மிருகத்தினுடையது என்பதால் ஆசாரம் பார்த்தவர்களும் துறவிகளும் மரத்துக்குப் போனார்கள். பரதன் சிம்மாசனத்தில் வைத்த பாதுகையை ஓவியங்களில் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வரைவார்கள். அந்தப் பாதுகையைப் பற்றி மட்டுமே வேதாந்த தேசிகர் 1008 சுலோகம் பாடியிருக்கிறார். தயவுசெய்து வார்னிஷ் அடித்துவிடாதேங்கோ, காய்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும்.

குருநகர் தம்பி: எங்கள் கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் மரச் சப்பாத்தா போட்டவை?

படம் பார்த்துக் கேட்கிறீர் போல. 'கிளொம்ப்' என்ற அந்த மரச் சப்பாத்து அவர்கள் நாட்டில் ஈர நிலத்தில் வேலை செய்த கமக்காரருக்கும் மீனவருக்கும் உரியது, வில்லோ, பொப்லார் மரத்தில் குடைவது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் காலைப் பார்த்தே ஆளின் தரத்தைச் சொல்லலாம். கூர்மூக்குச் சப்பாத்து மோகம் முற்றிப்போய், 1463 இல் இங்கிலாந்தில் பிரபுக்களுக்குக் கீழே உள்ளவர்கள் இரண்டு அங்குலத்துக்கு மேல் மூக்கு நீட்டக் கூடாது என்று சட்டமே வந்தது.

பெயர் போட விரும்பாத ஒருவர்: இங்கே சிலரைச் செருப்பே போட விடவில்லை என்று அம்மம்மா சொல்லுவா. உண்மையா?

உண்மை. இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு இதை மெல்லிசாகத் தொட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு இருந்த தடைகளில் காலணியும் ஒன்று. கோயிலுக்குள் போகக் கூடாது, மற்றவர் கிணற்றில் அள்ளக் கூடாது, பஸ்சில் ஆசனத்தில் இருக்கக் கூடாது என்பவற்றோடு சேர்ந்த தடை அது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல்தான் வந்தது, அதற்குப் பிறகும் 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. கோயிலில் எல்லாரும் செருப்பைக் கழற்றுவது வணக்கம், தெருவில் ஒருவனை மட்டும் கழற்ற வைப்பது அவமானப்படுத்துவது. இரண்டையும் 'எங்கள் பண்பாடு' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன். அம்மம்மா சொல்வதைப் பதிவு செய்து வையுங்கோ. எந்தத் தெரு, எந்த வயதில், யார் தடுத்தது என்று விபரமாகக் கேளுங்கோ, எங்கள் ஊர்க் காலணி வரலாற்றில் எழுதப்படாமல் கிடக்கிற பகுதி அதுதான்.

சுன்னாகம் அண்ணை: இறப்பர் செருப்பை ஏன் 'பாட்டா' என்கிறோம்?

கொம்பனிப் பெயர், அண்ணை. தோமஸ் பாட்டா என்பவர் 1894 இல் இன்றைய செக் நாட்டின் சிலின் நகரில் தொடங்கியது. இப்போ யார் செய்த இறப்பர் செருப்பும் எங்களுக்குப் பாட்டாதான்.