மொழி புரியாத பாட்டு ஏன் கண்கலங்க வைக்கிறது? மோர்னா என்றால் என்ன?

மோர்னா என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வேர்டே தீவுகளின் பிரிவுப் பாட்டு. 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. முதலில் அந்நாட்டுப் பாடகி செசாரியா எவோரா பாடிய ‘சொடாட்’ கேளுங்கள்; சாவோ தோமே தீவுக்குப் போகும் நெடும்பயணத்தை நினைத்து, சொந்த மண்ணுக்காக ஏங்கும் பாட்டு. அவர் குரலில் அவசரமே இல்லை, வரி முடிவில் தணிந்து இறங்கும். துக்கத்தில் பேசுகிறவர் குரலும் மெதுவாகி, தாழ்ந்துதான் வரும். அதனால் சொல் விளங்குமுன்பே மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது. கட்டாரிலிருந்து மகன் “நல்லா இருக்கன் உம்மா” என்றாலும், அக்கரைப்பற்றில் இருக்கும் தாய்க்கு அவன் குரலே உள்ளதைச் சொல்லிவிடுமே, அப்படித்தான். உறவுகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் அவசியம் கேட்க வேண்டும். சோகப் பாட்டு மனதை இன்னும் உடைத்துவிடும் என்று சிலர் ஒதுக்குகிறார்கள்; ஆனால் பலருக்கு அது ஆறுதலையே தருகிறது.