ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஷேர் போர்ட்ஃபோலியோ அமைக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மேல்நிலை மாணவர்களுக்குப் பங்குகளைத் தேர்ந்து ஒரு போர்ட்ஃபோலியோ (பல பங்குகள் சேர்ந்த தொகுப்பு) அமைக்கக் கற்றுத்தர முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். நான் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வணிகவியல் எடுக்கிறேன். பங்குச் சந்தை, அதைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி எல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகள் நன்றாக எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ‘இந்த ஷேரை எதற்காக வாங்குகிறாய்?’ என்று கேட்டால் பதில் வராது. அந்த ‘எதற்காக’வைச் சொல்ல வைப்பதுதான் ஆசிரியரின் வேலை.

அதனால் போட்டி மட்டும் வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு லட்சம் கற்பனைப் பணம், இரண்டு மாதத்தில் அதிகம் சேர்த்தவருக்குப் பரிசு என்றால், ஜெயிக்கச் சுலபமான வழி முழுப் பணத்தையும் தாறுமாறாக ஏறி இறங்கும் ஒரே ஷேரில் கொட்டுவதுதான். அதிர்ஷ்டத்தில் ஜெயித்த பிள்ளை அதைத் திறமை என்று நம்பிவிடும். கற்பனைப் பணம் இருக்கட்டும், பரிசு வேண்டாம். விலை ஏறியதற்கு மார்க் போடாமல் எழுதிய காரணத்துக்குப் போடுங்கள்.

ஒரு ஷேருக்கு நோட்டில் ஒரு பக்கம். கம்பெனி என்ன விற்கிறது, யார் வாங்குகிறார்கள், ஐந்து வருட லாபம் எப்படிப் போகிறது, கடன் எவ்வளவு என்று எழுத வேண்டும். கடைசியாக, ‘என்ன நடந்தால் என் கணிப்பு தப்பு என்று ஒப்புக்கொள்வேன்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதத்தான் ரொம்பத் திணறுவார்கள். எழுதாமல் விடாதீர்கள். ஆண்டறிக்கைகள் கம்பெனிகளின் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

கண்ணில் படும் பெயர்களில் தொடங்குவது நல்லது. ராஜபாளையத்து ராம்கோ சிமெண்ட்ஸ், 1921இல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தொடங்கி 2022இல் சந்தைக்கு வந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, அருண் ஐஸ்கிரீம் விற்கும் ஹட்சன் என்று நம் பக்கமே நிறைய உண்டு. ‘அரவிந்த் கண் மருத்துவமனை ஷேர் வாங்கலாமா சார்?’ என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். அது அறக்கட்டளை நடத்துவது, அதற்கு ஷேர் கிடையாது என்று சொல்லும்போது, ஒரு கம்பெனி யாருக்குச் சொந்தம் என்ற பாடமும் சேர்ந்தே வந்துவிடும்.

அடுத்து ‘விலை குறைந்த ஷேர் மலிவு’ என்ற நினைப்பைக் கழற்ற வேண்டும். இதற்கு டயர் கம்பெனியான எம்ஆர்எஃப் கைகொடுக்கும். 2023 ஜூனில் அதன் ஒரு ஷேர் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் மொத்த ஷேர்களே சுமார் 42 லட்சம்தான். ஐடிசிக்கு 1,200 கோடி ஷேர்களுக்கு மேல் இருக்கின்றன. ஐடிசி ஷேர் 400 ரூபாய், எம்ஆர்எஃப் ஷேர் ஒரு லட்சம் என்று வைத்து, விலையையும் எண்ணிக்கையையும் போர்டில் பெருக்கச் சொல்லுங்கள், கம்பெனியின் மொத்த மதிப்பு வந்துவிடும். எம்ஆர்எஃப் 42,000 கோடி, ஐடிசி 4,80,000 கோடி. லட்ச ரூபாய் ஷேர் வைத்திருக்கும் கம்பெனிதான் சின்னது என்று தெரிந்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இனி பணத்தைப் பல தொழில்களில் பிரித்துப் போடுவது. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மேலூர் பக்கத்துப் பையன் ஒருவன் ஐந்து பெயர் எழுதி வந்தான்: டிவிஎஸ் மோட்டார், டிவிஎஸ் ஸ்ரீசக்ரா, சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், எம்ஆர்எஃப், அசோக் லேலண்ட். ஐந்தும் நல்ல பெயர்கள்தான். 1911இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் மேல் நம் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் பாசமும் அதில் தெரிந்தது. ‘வண்டி விற்பனை ஒரு வருஷம் படுத்துவிட்டால் இதில் எதுடா தப்பிக்கும்?’ என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் தப்பிக்காது சார்’ என்றான். வண்டி, டயர், போல்ட் எல்லாம் ஒரே சக்கரத்தில்தான் ஓடுகின்றன. அவன் அப்பாவுக்கும் டயர் ஃபேக்டரியில்தான் வேலை. சம்பளம் வரும் தொழிலிலேயே சேமிப்பையும் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் அடிவாங்கும் என்பதை அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டை வைத்துக்கொண்டு மற்ற மூன்றை அவனே மாற்றினான்.

கூடவே ஒரு கணக்கு. நூறு ரூபாய் ஐம்பதானால் பழைய இடத்துக்கு வர நூறு சதவீதம் ஏற வேண்டும். பணத்தைச் சமமாக ஐந்தில் போட்டு அதில் ஒன்று பாதியானால் மொத்தத்தில் பத்து சதவீதம்தான் நஷ்டம். நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகளில் மொத்தமாகப் பணம் போடும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டையும் பக்கத்தில் எழுதி, ‘இதைவிட உன் ஐந்து எப்படி மேல்?’ என்று கேளுங்கள்.

நிஜப் பணம் வேண்டவே வேண்டாம். பதினெட்டு வயதுக்குள் டீமேட் கணக்கு (ஷேர்களை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) வைத்தாலும் பாதுகாவலர்தான் அதை நடத்த முடியும். அதோடு நம் பக்கத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்ற நிதி நிறுவனங்களில் நகையை விற்றுப் போட்டு ஏமாந்த குடும்பங்கள் நிறைய. ‘ஷேர்னா சூதாட்டம்தானே சார்?’ என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஷேர் விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே பந்தயம் கட்டுவது போன்ற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே 2024இல் வெளியிட்டது. அந்த எண்ணை அவர்களிடமே காட்டி, டெலிகிராம் டிப்ஸிலிருந்து பிள்ளைகளைக் காக்கத்தான் இந்த வகுப்பு என்று சொல்லுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஜூனில் தொடங்குங்கள். காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் கம்பெனிகள் கணக்கை வெளியிட வேண்டும் என்பதால் ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி நடுவில் மூன்று முறை நோட்டைத் திறந்து, எழுதிய காரணம் நிற்கிறதா என்று பார்க்கலாம். மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிடும்.